அயோவின் எரிமலைத் தூசு வியாழனை விட்டு எப்படி வெளியேறுகிறது?

வியாழனின் நிலவான அயோவில் எரிமலைகள் கக்கிய தூசு, கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் சென்றுகொண்டிருந்த விண்கலங்களில் வந்து மோதியது எப்படி, அது அயோவிலிருந்துதான் வந்தது என்பதை எதை வைத்து உறுதி செய்தார்கள், வியாழனை விட்டு நீங்கிய பிறகு அந்தத் தூசு எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எரிமலைதான் தூசை விண்வெளிக்கு வீசி எறிகிறது என்று பலரும் எண்ணிக்கொண்டிருப்பதால், அதைத் திருத்துவதிலிருந்தே தொடங்குகிறேன். எரிமலை தூசை மேலே தூக்கிவிடுகிறது. அவ்வளவுதான் அதன் பங்கு. வீசி எறிவது வியாழனின் காந்தப்புலம். அந்த வீச்சுக்கு வேண்டிய ஆற்றலைத் தருவது வியாழன் தன்னைத்தானே சுற்றும் வேகம்.

அயோ நம் நிலவைவிடச் சற்றுப் பெரியது. அதன் ஆரம் 1,821 கிலோமீட்டர். வியாழனின் மையத்திலிருந்து ஏறத்தாழ 4,22,000 கிலோமீட்டர் தொலைவில், அதாவது வியாழனின் ஆரத்தைப் போல் சுமார் 5.9 மடங்கு தொலைவில், 42 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. யூரோப்பா, கனிமீடு என்னும் அடுத்த இரு நிலவுகளோடு அதன் சுற்றுக்காலம் 1:2:4 என்ற கணக்கில் பிணைந்திருப்பதால் அதன் பாதை முழு வட்டமாக ஆவதே இல்லை. வியாழனை நெருங்கியும் விலகியும் செல்லும்போது ஓத விசை (கடலில் ஓதங்களை எழுப்பும் அதே ஈர்ப்பு வேறுபாடு) அதன் உடலை ஓயாமல் பிசைந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பிசைவில் பிறக்கும் வெப்பம்தான் எரிமலைகளுக்கு உணவு. ஸ்டான்டன் பீல், பேட்ரிக் கேசன், ரே ரெனால்ட்ஸ் ஆகிய மூவரும் இதைக் கணித்து 1979 மார்ச் மாதத் தொடக்கத்தில் வெளியிட்டார்கள். அடுத்த சில நாட்களில் வாயேஜர் 1 விண்கலம் எடுத்த ஒரு படத்தில், அயோவின் விளிம்புக்கு மேல் குடைபோல் விரிந்து நின்ற எரிமலைப் பீச்சு ஒன்றை லிண்டா மொராபிட்டோ கண்டார். ஒரு கணிப்பு இத்தனை விரைவாக, இத்தனை கண்கூடாக மெய்ப்பட்டது கோள் அறிவியலில் அரிதிலும் அரிது.

பெலே போன்ற பெரிய எரிமலைகளின் பீச்சு சுமார் 300 கிலோமீட்டர் உயரம் வரை எழும்புகிறது. கேட்பதற்குப் பெரிய உயரம்தான். ஆனால் அயோவின் ஈர்ப்பை வைத்துக் கணக்கிட்டால், அந்த உயரத்தை எட்டுவதற்கு வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகமே போதும். அயோவின் ஈர்ப்பிலிருந்து விடுபடவோ வினாடிக்கு 2.56 கிலோமீட்டர் வேண்டும். விடுபட்டாலும் வியாழனின் ஈர்ப்பு காத்திருக்கிறது. அயோ இருக்கும் தொலைவிலிருந்து அதைக் கடப்பதற்கு வினாடிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் தேவை. எனவே எரிமலையின் வேகத்தை மட்டும் நம்பியிருந்தால் ஒரு துகள்கூட வெளியேறியிருக்காது. எல்லாம் வளைந்து விழுந்து அயோவின் மஞ்சள் தரையிலேயே படிந்திருக்கும். உண்மையில் பெரும்பகுதி அப்படித்தான் படிகிறது. பெலேவைச் சுற்றி வாயேஜர் படங்களில் தெரியும் செந்நிற வளையம் அப்படி விழுந்த பொருள்தான்.

விழாமல் தப்புவது பீச்சின் உச்சியில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்கள் மட்டுமே. அவை எப்படித் தப்புகின்றன என்பதை அறிய, அயோவின் சுற்றுப்புறத்தைப் பார்க்க வேண்டும். அயோவிலிருந்து வினாடிக்குச் சுமார் ஒரு டன் அளவு பொருள், பெரும்பாலும் கந்தகமும் ஆக்சிஜனுமாக, தொடர்ந்து கசிந்து வெளியேறுகிறது. அந்த அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாகி, அயோவின் சுற்றுப்பாதை நெடுகிலும் வடை வடிவத்தில், பிளாஸ்மா எனப்படும் மின்னூட்ட வாயுவின் வளையமாகச் சூழ்ந்திருக்கின்றன. வளையத்தின் அடர்ந்த பகுதியில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2,000 எலக்ட்ரான்கள் அளவில் இருக்கும். இந்தப் பிளாஸ்மா வியாழனின் காந்தப்புலத்தில் பிடிபட்டிருப்பதால், வியாழன் சுழலும்போது அதோடு சேர்ந்தே சுழல்கிறது. வியாழன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 10 மணி நேரம்கூட ஆவதில்லை. சரியாகச் சொன்னால் 9 மணி 55 நிமிடங்கள். அந்த வேகத்தில் அயோவின் தொலைவிலுள்ள பிளாஸ்மா வினாடிக்கு 74 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அயோ ஓடுவதோ 17 கிலோமீட்டர் வேகத்தில். ஆகவே பிளாஸ்மா அயோவின் முதுகுப்புறத்திலிருந்து வந்து, வினாடிக்கு 57 கிலோமீட்டர் வேகத்தில் அதை முந்திக்கொண்டு போகிறது.

இந்த ஓட்டத்துக்குள் வந்து சேரும் தூசுத் துகள் மின்னூட்டம் பெறுகிறது. முதலில் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கலாம்? எலக்ட்ரான்கள் அயனிகளைவிட மிக வேகமாக ஓடுபவை. எனவே அவைதான் அதிகமாக மோதி ஒட்டிக்கொள்ளும். துகள் எதிர்மின்னூட்டம் பெறும். குளிர்ந்த பிளாஸ்மாவில், அயோவை ஒட்டிய அயனி மண்டலத்திலும் வளையத்தின் உட்புறத்திலும், நடப்பது இதுதான். ஆனால் வளையத்தின் வெப்பமான பகுதியில் கதை திரும்புகிறது. அங்கே வரும் எலக்ட்ரான் வலுவாக மோதுவதால், மோதிய இடத்திலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட எலக்ட்ரான்களைக் கிளப்பி வெளியே தள்ளிவிடுகிறது. இதை இரண்டாம் நிலை எலக்ட்ரான் உமிழ்வு என்பார்கள். துகள் சிறியதாக இருந்தால், கிளம்பிய எலக்ட்ரான்கள் உள்ளேயே அடங்கிப் போகாமல் எல்லாப் பக்கமும் எளிதில் வெளியேறிவிடும். ஒன்று வந்து இரண்டு போனால் கணக்கு நேர்மின்னூட்டத்தில்தானே முடியும்? துகளின் மின்னழுத்தம் ஏறத்தாழ +3 வோல்ட்டில் நிலைகொள்கிறது.

இனி வியாழனின் முறை. காந்தப்புலம் சுழலும்போது, அதோடு சேர்ந்து சுழலாத ஒரு துகளின் பார்வையில் அது ஒரு மின்புலமாகவும் தோன்றும். அந்த மின்புலம் கோளை நோக்கி உள்ளே இழுக்குமா, வெளியே தள்ளுமா என்பது காந்தப்புலத்தின் திசையைப் பொறுத்தது. வியாழனின் காந்தப்புலத் திசை பூமியினுடையதற்கு நேர் எதிரானது. அதனால் வியாழனில் நேர்மின்னூட்டம் கொண்ட துகள் வெளிப்புறமாகத் தள்ளப்படுகிறது. எதிர்மின்னூட்டம் கொண்ட துகள் வியாழனை நோக்கி உள்ளே இழுக்கப்படுகிறது. இதே துகள் பூமியைச் சுற்றி அதன் காந்தப்புலம் ஆளும் வெளியான காந்தமண்டலத்தில் இருந்திருந்தால், நேர்மின்னூட்டம் பெற்ற காரணத்தாலேயே உள்நோக்கி இழுக்கப்பட்டிருக்கும். துகளின் மின்னூட்டக் குறி ஒன்றே அதன் தலைவிதியை எழுதிவிடுகிறது.

ஒரே ஒரு துகளை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்; பள்ளி இயற்பியலே இதற்குப் போதும், படித்துக்கொண்டே நீங்களும் சரிபார்க்கலாம். பத்து நானோமீட்டர் ஆரமுள்ள ஓர் உப்புத் துகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். (ஏன் உப்பு என்பது பின்னால் வரும்.) அதில் சோடியமும் குளோரினுமாகச் சுமார் 90,000 இணைகள் இருக்கும். அது +3 வோல்ட்டில் இருக்கிறது என்றால், அந்த 90,000 இணைகளுக்கிடையே இழந்தது வெறும் 20 எலக்ட்ரான்கள் என்று பொருள். அயோ இருக்குமிடத்தில் காந்தப்புலத்தின் வலிமை சுமார் 1,900 நானோடெஸ்லா. பூமியின் நிலநடுக்கோட்டுத் தரையில் இருப்பதில் பதினாறில் ஒரு பங்கு அளவே. இத்தனை மெல்லிய புலம், இத்தனை சிறிய மின்னூட்டம். ஆனாலும் 57 கிலோமீட்டர் என்ற ஓட்ட வேகத்தோடு பெருக்கிப் பார்த்தால், அந்தத் துகள் மீட்டர் கணக்கில் வினாடிக்கு வினாடி 40 என்ற முடுக்கத்தைப் பெறுகிறது. அதே இடத்தில் வியாழனின் ஈர்ப்பு தரும் முடுக்கம் 0.71 மட்டும்தான். ஐம்பது மடங்குக்கும் மேலான வேறுபாடு! ஒரு கோளையே கட்டிப்போடும் ஈர்ப்பு, இந்த 20 எலக்ட்ரான்களின் முன்னால் ஒரு பொருட்டே இல்லை.

அடுத்து, அந்தத் துகள் எவ்வளவு வேகம் வரை போகும்? சுழலும் காந்தப்புலத்தின் மின்புலத்தை அயோவிலிருந்து வெகுதொலைவு வரை கூட்டிப் பார்த்தால், மொத்த மின்னழுத்த வேறுபாடு ஏறத்தாழ 6 கோடி வோல்ட் வருகிறது. 20 எலக்ட்ரான் அளவு மின்னூட்டம் இந்தச் சரிவு முழுவதும் உருண்டு இறங்கினால், துகளின் வேகம் வினாடிக்கு 200 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். வியாழனிலிருந்து தப்பத் தேவையான வேகத்தைப் போல் இது எட்டு மடங்கு. கவணில் வைத்த கல் கயிற்றின் சுழற்சியிலிருந்து வேகம் பெறுவதைப் போல, துகள் வியாழனின் சுழற்சியிலிருந்து வேகம் பெறுகிறது. ஆற்றல் முழுவதும் கோளின் சுழற்சிக் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது. புறப்பட்ட துகள் காந்தமண்டலத்தின் எல்லையைக் கடப்பதற்கு, வியாழன் ஒரு சுற்றை முடிக்கும் நேரமே ஏறக்குறைய போதுமானது.

இந்த வீச்சுக்கு உட்படும் துகள்களின் பருமன் மிகக் குறுகிய எல்லைக்குள் அடங்கியது. ஆரம் பத்து மடங்கு கூடினால் மின்னூட்டமும் பத்து மடங்குதான் கூடும். எடையோ ஆயிரம் மடங்கு கூடிவிடும். அதனால் ஒரு கிலோவுக்கான விசை நூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஆரம் 100 நானோமீட்டரை நெருங்கும்போதே மின்விசை ஈர்ப்புக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு மைக்ரோமீட்டர் துகளுக்கு அது இருந்தும் இல்லாத கணக்கு. சரி, மாறாகச் சிறியதாகிக்கொண்டே போனால் இன்னும் எளிதாகத் தப்புமா? அதுவும் இல்லை. மின்னூட்டம் கொண்ட துகள் காந்தப்புலத்தில் வட்டமடிக்கும். நம் பத்து நானோமீட்டர் துகளின் வட்டத்துக்கு ஆரம் 80,000 கிலோமீட்டர் அளவு, அதாவது வியாழனின் ஆரத்தைவிடப் பெரியது. அந்த வட்டத்தின் முதல் வளைவை முடிப்பதற்குள் துகள் வெளியே போய்விடும். வெளியே போகப் போகக் காந்தப்புலம் மெலிந்துகொண்டே போவதால், அதைத் திருப்பிக் கொண்டுவரும் வலு அங்கே இருக்காது. ஒரு நானோமீட்டர் துகளுக்கோ அந்த வட்டம் 800 கிலோமீட்டர்தான். அது அயனிகளைப் போலவே காந்தப்புலக் கோடுகளில் சிக்கிக்கொண்டு, வியாழனோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். ஆகப் பெரியதும் தப்பாது, ஆகச் சிறியதும் தப்பாது. பத்து நானோமீட்டரை ஒட்டிய பருமன்தான் வெளியேறுவதற்கு ஏற்றது. காந்தமண்டலம் ஒரு சல்லடையைப் போல வேலை செய்கிறது என்று சொன்னால் அது மிகையல்ல.

வியாழனின் காந்த அச்சு அதன் சுழல் அச்சிலிருந்து ஏறத்தாழ 10 பாகை சாய்ந்திருக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சாய்வினால் துகள்களின் மீது செயல்படும் விசை சில வேளை சற்று மேல்நோக்கியும் சில வேளை சற்றுக் கீழ்நோக்கியும் அமைகிறது. வெளியேறும் தூசு தட்டையான தாளாக இல்லாமல், சுழன்றாடும் பாவாடையின் விளிம்பைப் போல அலையலையாக மேலும் கீழும் ஏறி இறங்கும் தாளாகப் பரவுகிறது. வியாழனுக்கு அருகே ஓரிடத்தில் நிற்கும் கருவிக்கு, ஒவ்வொரு சுழற்சியிலும் இந்தத் தாள் வந்து போகும். இந்த ஏற்ற இறக்கம்தான் பின்னால் அயோவைக் காட்டிக்கொடுத்தது.

இதையெல்லாம் முதலில் யாரும் எதிர்பார்க்கவில்லை. 1990 அக்டோபரில் ஏவப்பட்ட யுலிசெஸ் விண்கலம் சூரியனின் துருவங்களை ஆராயப் போனது. அதற்குப் பாதையைத் திருப்பிக்கொள்ளவே 1992 பிப்ரவரி 8 அன்று வியாழனை நெருங்கிச் சென்றது. அதிலிருந்த தூசு உணரியை ஹைடல்பெர்க்கிலுள்ள மாக்ஸ் பிளாங்க் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தில் எபர்ஹார்ட் குருன் தலைமையிலான குழு கவனித்துவந்தது. வியாழனுக்கு அருகே மட்டுமல்லாமல், அதிலிருந்து வெகுதொலைவிலும் திடீர் திடீரென்று தூசுக் கூட்டங்கள் வந்து மோதின. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறத்தாழ 28 நாட்கள். மோதிய திசை வியாழனைச் சுட்டியது. யுலிசெஸ்ஸில் இருந்த உணரியின் இரட்டைப் பிறவி கலிலியோ விண்கலத்திலும் இருந்தது. அது வியாழனை எட்டுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1995 ஆகஸ்டில், ஒரு நாளைக்கு 20,000 மோதல்கள் வரை பதிவு செய்தது. கோள்களுக்கு இடைப்பட்ட வெளியில் மூன்று நாளைக்கு ஒரு மோதல் என்பதே வழக்கமாக இருந்த கருவிக்கு அது உண்மையிலேயே புயல்தான்.

இந்தக் கருவி எப்படி அளக்கிறது என்பதைச் சொல்லாமல் அடுத்த திருப்பம் புரியாது. உணரிக்குள் பொன் பூசிய அரைக்கோள இலக்கு ஒன்று இருக்கிறது. துகள் அதில் மோதும் கணத்திலேயே ஆவியாகி, அந்த ஆவியின் ஒரு பகுதி எலக்ட்ரான்களாகவும் அயனிகளாகவும் பிரிகிறது. அவற்றை மின்புலத்தால் தனித்தனியே இழுத்து அளக்கிறார்கள். மின் குறிப்பு எவ்வளவு விரைவாக எழும்புகிறது என்பதிலிருந்து வேகத்தையும், மொத்த மின்னூட்டத்திலிருந்து எடையையும் கணிக்கிறார்கள். பூமியிலுள்ள முடுக்கியில் தெரிந்த துகள்களை மோதவிட்டு இந்தக் கருவிக்கு அளவு குறித்திருந்தார்கள். ஆனால் அந்த அளவுகுறிப்பு வினாடிக்கு 70 கிலோமீட்டர் வேகம் வரைக்கும்தான். அதற்கு மேல் போகும் துகளை, கருவி தன் அளவுகோலுக்குள்ளேயே வைத்துப் பேசும். ஆகவே வியாழன் தூசு வினாடிக்குச் சில பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் வரும், ஓரளவு பெரிய துகள்களாக முதலில் தோன்றியது.

ஹெர்பர்ட் ஸூக் தலைமையிலான குழு 1996இல் வேறு வழியில் சிந்தித்தது. இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் படி இதுதான். அவர்கள் கருவி சொன்ன வேகத்தையும் எடையையும் ஒதுக்கி வைத்தார்கள். சூரியனிலிருந்து இடைவிடாது வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்றில் யுலிசெஸ் தானே அளந்த காந்தப்புலத்தை எடுத்துக்கொண்டு, பல பருமனும் பல வேகமும் கொண்ட துகள்களைக் கணினியில் வைத்து, மோதிய இடத்திலிருந்து காலத்தில் பின்னோக்கி ஓட்டினார்கள். எவை வியாழனில் போய்ச் சேருகின்றன என்பதே கேள்வி. பத்து நானோமீட்டரை ஒட்டிய பருமனும் வினாடிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகமும் கொண்டவை மட்டுமே சேர்ந்தன. முதலில் எண்ணியதைவிட எடை ஆயிரம் மடங்கு குறைவு, வேகம் ஐந்து முதல் பத்து மடங்கு அதிகம். மேலே நாம் கையால் போட்ட கணக்கில் வந்த எண்ணும் இதுவும் ஒத்துப்போவதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டும் தனித்தனி வழிகளில் வந்தவை. கலிலியோவின் தூசை ஆராய்ந்தபோதும் படம் மாறவில்லை.

வியாழனிலிருந்து வருகிறது என்பது தெளிவானாலும், வியாழனின் எந்த இடத்திலிருந்து என்பது அப்போதும் திறந்த கேள்வியாகவே இருந்தது. மிஹாலி ஹொரானியும் சக ஆய்வாளர்களும் 1993இலேயே அயோவின் எரிமலைகளைச் சுட்டி, மேலே விளக்கிய முடுக்க முறையை முன்வைத்திருந்தார்கள். அதே ஆண்டில் டக்ளஸ் ஹாமில்டனும் ஜோசப் பர்ன்ஸும் வியாழனின் மெல்லிய வெளிவளையமே ஊற்று என்று வாதிட்டார்கள். இரண்டுமே இயற்பியலுக்கு உட்பட்ட வாதங்கள். எது சரி என்பதைத் தரவு மட்டுமே சொல்ல முடியும்.

அந்தத் தரவை அமாரா கிராப்ஸ் தலைமையிலான குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. கலிலியோ 1996, 1997 ஆண்டுகளில் பதிவு செய்த மோதல்களை ஒரு கால வரிசையாக எடுத்துக்கொண்டு, அதற்குள் எந்தெந்தக் கால இடைவெளிகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று அலைவெண் பகுப்பாய்வு செய்தார்கள். 10 மணி நேரத்திலும் அதில் பாதியான 5 மணி நேரத்திலும் உயர்ந்த முகடுகள் தெரிந்தன. இவை சாய்ந்த காந்தப்புலம் சுழல்வதன் கைரேகை. தூசு வியாழனுக்கு அருகே எங்கிருந்து வந்திருந்தாலும் இவை இருந்திருக்கும். ஊற்றைக் காட்டியவை வேறு முகடுகள். 42 மணி நேரத்தில் ஒரு முகடு இருந்தது. 10 மணி நேர முகட்டின் இரு பக்கத்திலும், இந்த இரண்டு அலைவெண்களின் கூட்டலிலும் கழித்தலிலும் பக்க முகடுகள் நின்றன. வானொலியில் ஒலி அலையை ஊர்தி அலையின் மீது ஏற்றும்போது இப்படியேதான் ஊர்தி அலைக்கு இருபுறமும் பக்கப்பட்டைகள் பிறக்கின்றன; இதை வீச்சுப் பண்பேற்றம் என்கிறோம். இங்கே ஊர்தி அலை வியாழனின் சுழற்சி. அதன் மேல் ஏறியிருக்கும் செய்தி அயோவின் சுற்றுக்காலம். 42 மணி நேரம் என்னும் எண் வியாழன் அமைப்பில் அயோவுக்குச் சொந்தமானது. வியாழனின் வெளிவளையத்துக்கு அந்த எண் தெரியாது. இதைவிடத் தெளிவான கையொப்பத்தை ஒரு நிலவிடம் கேட்க முடியாது.

சரி, அது எரிமலைப் பொருள்தானா, அல்லது விண்கற்கள் மோதி அயோவின் தரையிலிருந்து கிளப்பிய தூசா? சனியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காசினி விண்கலம் 2000 டிசம்பர் 30 அன்று வியாழனைச் சுமார் ஒரு கோடி கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. அதன் தூசு உணரியில், மோதிய துகளின் அயனிகளை எடைவாரியாகப் பிரித்துக்காட்டும் பகுதியும் இருந்தது. பிராங்க் போஸ்ட்பெர்க்கும் சக ஆய்வாளர்களும் அந்த நிறமாலைகளை ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள்: துகள்களின் முதன்மைப் பொருள் சோடியம் குளோரைடு, அதாவது சாதாரண உப்பு. அதனுடன் கந்தகச் சேர்மங்களும் பொட்டாசியம் கொண்ட பொருள்களும் இருந்தன. அயோவின் தரையில் நிறைந்திருப்பது கந்தக டை ஆக்சைடு உறைபனி. தரையைக் கொத்திக் கிளப்பிய தூசு என்றால் அதுவே மிஞ்சியிருக்க வேண்டும். ஆனால் எரிமலை வாயுவில் கலந்து வரும் உப்பு ஆவி, பீச்சு எழும்பிக் குளிரும்போது முதலில் உறைந்து துகளாகும் பொருள்களில் ஒன்று. எம்மானுவேல் லெலூஷின் குழு 2003இல், பூமியிலுள்ள வானொலித் தொலைநோக்கியைக் கொண்டே அயோவின் வளிமண்டலத்தில் உப்பு ஆவியைக் கண்டறிந்திருந்தது. மேலேயிருந்து பார்த்த ஆவியும், தொலைவில் வந்து மோதிய துகளும் ஒரே பொருளாக அமைந்துவிட்டன.

அளவு பற்றியும் ஒரு சொல். கலிலியோ பல ஆண்டுகள் எடுத்த பதிவுகளின்படி, இப்படி வெளியேறும் தூசு பெரும்பாலான வேளைகளில் வினாடிக்கு 100 கிராமிலிருந்து ஒரு கிலோ வரைதான். எரிமலைகள் எழுவதற்கும் அடங்குவதற்கும் ஏற்ப இது கூடிக்குறைகிறது. அயோ இழக்கும் ஒரு டன்னோடு ஒப்பிட்டால் இது ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மிகாது. ஆனால் ஒரு கிலோ தூசு என்பது, நம் உதாரணத் துகளின் பருமனில், ஒன்றுக்குப் பின் இருபது சுழியங்கள் போட்ட எண்ணிக்கை. வினாடிக்கு ஒரு கிலோவை 200 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்ற 2,000 கோடி வாட் திறன் தேவை.

இதே இயக்கமுறை வேறொரு கோளிலும் வேலை செய்கிறதா என்பதற்கான சோதனையை இயற்கையே வைத்திருந்தது. சனியின் காந்தப்புலமும் வியாழனுடையதைப் போன்ற திசையிலேயே அமைந்திருப்பதால், அங்கும் நேர்மின்னூட்டத் துகள்கள் வெளியே தள்ளப்பட வேண்டும். 2004இல் காசினி சனியை நெருங்கியபோது, அங்கிருந்தும் அதிவேகத் தூசுக் கூட்டங்கள் வந்து மோதின. அவற்றின் ஊற்று என்செலடஸ் நிலவின் நீர்ப்பீச்சுகள் ஊட்டிவளர்க்கும் வெளிவளையம். துகள்களில் சிலிக்கா இருந்தது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். வியாழனின் காந்தமண்டலத்தைத் தாண்டிய துகள் சூரியக் காற்றுக்குள் நுழைகிறது. அங்கே காந்தப்புலம் ஒரு நானோடெஸ்லா அளவிலேயே இருக்கும். ஆனால் சூரியக் காற்று வினாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வீசுவதாலும், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவை நம் துகள் கடக்கவே எட்டு ஒன்பது நாட்கள் ஆவதாலும், அந்த மெல்லிய புலம் பாதையை வளைப்பதற்குப் போதிய நேரம் கிடைத்துவிடுகிறது. சூரியன் ஏறத்தாழ 27 நாட்களுக்கு ஒருமுறை தன் முகத்தைத் திருப்பிக் காட்டும்போது, காந்தப்புலம் எதிர்த் திசைகளில் அமைந்த பகுதிகளும் வேகக் காற்று மெதுக் காற்றைத் துரத்திப் பிடித்து நெருக்கிய பகுதிகளும் மாறி மாறிக் கடந்து போகின்றன. ஒரு திசையிலுள்ள புலம் துகள்களை மேலே வளைக்கும். மறு திசையிலுள்ளது கீழே வளைக்கும். சீராக விரிந்துகொண்டிருந்த தூசுத் தாள் இப்படிக் கூட்டம் கூட்டமாகக் கிழிபடுகிறது. யுலிசெஸ் கண்ட 28 நாள் இடைவெளி வியாழனுடையதோ அயோவுடையதோ அல்ல, அது சூரியனுடையது.

வியாழனின் தொலைவிலிருந்து சூரியனின் ஈர்ப்பைக் கடக்க வினாடிக்கு 18.5 கிலோமீட்டர் வேகம் போதும். துகளிடம் இருப்பது 200க்கு மேல். சூரியக் காற்றோ அதைத் தன் ஓட்டத்தோடு மேலும் வெளிநோக்கியே இழுத்துச் செல்கிறது. எனவே அயோவின் பீச்சில் உறைந்த உப்புத் துகள் ஒன்று, பிளாஸ்மா வளையத்தில் 20 எலக்ட்ரான்களை இழந்த அன்றே, சூரியனின் ஈர்ப்பால் கட்டிவைக்க முடியாத வேகத்தைப் பெற்று, சூரியக் குடும்பத்தை விட்டு வெளியேறும் பாதையில் போய்க்கொண்டிருக்கும்.